‘மை டியர் பூதம்’ கௌரி: நிவேதா தாமஸ் குறித்துச் சில கேள்விகள்

வடசென்னை நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

பெரம்பூரிலிருந்து: ‘மை டியர் பூதம்’ தொடரின் கௌரிதான் இன்றைய நடிகை நிவேதா தாமஸா?

ஆம். 2004 முதல் 2007 வரை சன் தொலைக்காட்சியில் வந்த அத்தொடரில் நடித்த சிறுமி அவரே.

தண்டையார்பேட்டையிலிருந்து: இத்தனை அறிமுகம் இருந்தும் தமிழில் ஏன் முன்னணிக் கதாநாயகியாகவில்லை?

எனக்கு இதில் மனக்குறை உண்டு. சின்ன வயதிலேயே வீட்டுக்குள் வந்துவிட்ட முகம் என்பதால், நம் படவுலகம் அவரை வீட்டுப் பிள்ளையாகவே பார்த்துப் பழகிவிட்டது என்று நினைக்கிறேன். ‘குருவி’ (2008), ‘ஜில்லா’ (2014) இரண்டிலும் விஜய்க்குத் தங்கை. ‘பாபநாசம்’ (2015) படத்தில் கமலுக்கு மகள். ‘தர்பார்’ (2020) படத்தில் ரஜினிக்கு மகள். ‘நவீன சரஸ்வதி சபதம்’ (2013) படத்தில் ஜெய்க்கு ஜோடியாக நடித்தும் அந்தப் பார்வை மாறவில்லை. ‘பாபநாசம்’ படத்தின் விசாரணைக் காட்சிகளில், அப்பா சொல்லிக்கொடுத்ததைத் தவிர ஒரு சொல்லும் வாய் தவறி வந்துவிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும் பயத்தையும் ஒரே நேரத்தில் முகத்தில் காட்டியவருக்கு, இங்கே அதற்கேற்ற அடுத்த வேடம் கிடைத்திருக்க வேண்டும். மலையாளம் அவரை முன்பே அடையாளம் கண்டது. ‘வெறுதே ஒரு பார்யா’ (2008) படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த குழந்தை நட்சத்திர விருதைப் பெற்றார். தெலுங்கிலோ ‘ஜென்டில்மேன்’ (2016), ‘நின்னு கோரி’ (2017) எனக் கதாநாயகியாகவே வரவேற்றார்கள்.

வியாசர்பாடியிலிருந்து: ஒரே ஒரு படம் பார்ப்பதென்றால்?

2024இல் வந்த ‘35’ என்ற தெலுங்குப் படம். திருப்பதியில் நடக்கும் கதை. மதிப்பே இல்லாத பூஜ்யம், ஒன்றின் பக்கத்தில் நின்றால் எப்படிப் பத்தாகும் என்று கேட்கும் மகனுக்காக, தானும் கணக்குப் படிக்கும் தாயாக நடித்திருக்கிறார். தேர்ச்சி மதிப்பெண்ணே படத்தின் பெயர்.

ராயபுரத்திலிருந்து ஒரு தாயார்: என் மகளைத் தொடரில் நடிக்கக் கேட்கிறார்கள். அனுப்பலாமா?

அனுப்பலாம் அம்மா, ஆனால் விதிகளைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விதிகளின்படி, தயாரிப்பாளர் மாவட்ட நிர்வாகத்திடம் முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும். 14 வயது நிறையாத குழந்தையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும், தொடர்ந்து 27 நாள்களுக்கு மேலும் நடிக்கவைக்கக் கூடாது. வருமானத்தில் 20 விழுக்காடாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே வைப்புநிதியாகப் போடப்பட வேண்டும். பள்ளிப் படிப்பு தடைபடக் கூடாது என்பதும் விதியே. நிவேதாவும் நடித்துக்கொண்டே கட்டடக்கலை படித்தவர்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அனுமதி ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.