மனையாகாத நஞ்சை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மன்னார்குடிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எங்கள் வயலுக்கு மேற்கே இரண்டு வயல்கள் மனைகளாகிவிட்டன. அமெரிக்காவில் ஒருவர் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அதில் இனி எவரும் கட்டடம் கட்டக் கூடாது என்று நிரந்தரமாக எழுதிவைக்கலாம் என்று மகள் சொல்கிறாள். அப்படி ஒரு பத்திரத்தை இங்கே பதிவுசெய்ய முடியுமா? இல்லையென்றால் அரசே இந்த நிலங்களை விலைக்கு வாங்கிவிடலாமே?

ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் சொல்வது சரிதான். அங்கே கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று வழங்கும் அந்த ஏற்பாட்டில், உரிமையாளர் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் ஓர் அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ கொடுத்துவிட்டு, உழவும் விற்பனையும் வாரிசுரிமையும் தன்னிடமே இருக்கும்படி செய்துகொள்கிறார். நிலம் எத்தனை கை மாறினாலும் அந்தத் தடை நிலத்தோடே போகிறது. சில இடங்களில் அரசே அந்த உரிமையை விலைக்கு வாங்குகிறது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுன்டி 1974இல் தொடங்கிய திட்டத்தில், மனையாக விற்றால் வரும் விலைக்கும் விளைநிலமாக விற்றால் வரும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உழவருக்குத் தரப்படுகிறது.

நம் சட்டத்தில் இதற்கு இடமில்லை. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு நிலத்தின் மீதான பாத்தியதை, அதாவது பிறர் நிலத்தைக் குறிப்பிட்ட ஒரு விதத்தில் பயன்படுத்தவோ அதில் ஒன்றைத் தடுக்கவோ உள்ள உரிமை, இன்னொரு நிலத்தின் அனுபோகத்துக்காகவே இருக்க முடியும். பக்கத்தில் நிலமே இல்லாத ஓர் அமைப்பு உங்கள் வயல்மீது அதை வைத்துக்கொள்ள இயலாது. பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கும்போது ‘விற்கவே கூடாது’ என்று நிபந்தனை போட்டால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி அது செல்லாது. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஹைட்ரோகார்பன் எடுப்பையும் செம்பு உருக்காலையையும் தோல் பதனிடும் ஆலையையும் தடுக்கிறது. டெல்டா மக்கள் போராடிப் பெற்ற சட்டம் அது. ஆனால் மனைப்பிரிவு அதன் தடைப்பட்டியலில் இல்லை.

டெல்டாவில் ஒரு வயலைத் தனியே காப்பாற்ற முடியாது என்பதே என் எண்ணம். மனை போடுபவர் என்ன செய்கிறார் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வயலைத் தரிசாகப் போட்டு, கிராவல் அடித்து வரப்புக்கு மேலே உயர்த்தி, குறுக்கே ஓடும் வாய்க்காலில் ஒரு சிமென்ட் குழாயை இறக்கி, அதன்மேல் பாதை போடுகிறார். அந்தக் குழாய் வண்டலும் பிளாஸ்டிக் பைகளுமாக அடைத்துக்கொண்ட பிறகு, ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஆறு நிறைய ஓடினாலும் கீழ்வயலில் குறுவைக்கு நாற்று விடத் தண்ணீர் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ மேல்வயலின் தண்ணீர் வடிய வழியின்றி சம்பாப் பயிர் அழுகுகிறது. இப்படித் தொடர்ந்து நஷ்டப்பட்டவர் கடைசியில் தரகரைத் தேடிப் போனால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசே வாங்குவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமே பாசனமுள்ள பல போக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. அரசு கைக்குப் போன நஞ்சையை உழுவது யார்? அலுவலகமோ பேருந்து நிலையமோ கட்ட இடம் தேடும்போது அரசின் கண்ணில் முதலில் படுவதும் அந்த நிலமாகத்தான் இருக்கும். பொது உடைமை ஏரிக்கும் குளத்துக்கும் வடிகாலுக்கும் பொருந்தும். வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரம் ஏரியும் பொதுவில் இருந்ததால்தான் பறவைகள் சரணாலயங்களாகி, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றன. வயல்களுக்கு வேண்டியது, ஒரு மதகின் பாசனத்துக்கு உட்பட்ட எல்லா வயல்களின் கட்டட உரிமையையும் ஒருசேர அரசு விலைக்கு வாங்க வழிசெய்யும் சட்டம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு குத்தகைதாரருக்குப் போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்கு மட்டும் பணம் போய், சேற்றில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காத திட்டம் நியாயமாகாது.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமைப்புகளுக்கு இடம் கொடாத அதே 1882ஆம் ஆண்டுச் சட்டம், பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாயும் பாத்தியதையையும் வடியும் பாத்தியதையையும் முழுமையாக ஏற்கிறது. இருபது ஆண்டுகள் தடையின்றி உரிமையாக அனுபவித்திருந்தாலும் அது நிலைபெறும். கிராம நிர்வாக அலுவலரிடம் நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தைக் கேட்டு, உங்கள் வாய்க்கால் புறம்போக்கில் ஓடுகிறதா, பட்டா நிலத்துக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள். புறம்போக்கென்றால் குழாய் பதித்ததை எதிர்த்து மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். பட்டாவுக்குள் ஓடினால், அந்த வாய்க்காலில் பாயும் எல்லா நிலக்காரர்களும் ஒருவருக்கொருவர் பாய்ச்சல், வடிகால் பாத்தியதைகளை எழுதிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். நிலத்தை வாங்கப்போகும் எவரையும் அது கட்டுப்படுத்தும். மேற்கே மனை வாங்கியவர்களையும் அதில் கையெழுத்திட அழையுங்கள். நாளை அவர்கள் வாசலில் தேங்கும் மழைநீர் வடிவதற்கும் அந்த வாய்க்கால்தான் வழி.