உளவியல் ஆலோசனை: நான் வளர்த்த தம்பி தனிச் சபை தொடங்கிவிட்டார்

கேள்வி

அன்புள்ள ஆலோசகருக்கு, ஸ்தோத்திரம்.

நான் கடலூரில் ஒரு சபையின் போதகர். வயது 60 தாண்டிவிட்டது. எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, பழைய கல்லறைத் தோட்டம் உண்டு, கட்டடக் கடனும் கொஞ்சம் பாக்கி உண்டு. எங்கள் பகுதிப் போதகர் ஐக்கியத்துக்கு இப்போது நான்தான் தலைவர்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் வளர்ந்த ஒரு தம்பிக்கு இப்போது 29 வயது. கீபோர்டு வாசிப்பார், வாலிபர் கூட்டம் நடத்துவார். வேதாகமக் கல்லூரி முடித்து வந்தபோது, எனக்குப் பிறகு இவர்தான் என்று மனதில் வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வருஷம் கோண்டூரில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துத் தனியாக ஆராதனை தொடங்கிவிட்டார். சண்டை எதுவும் இல்லை, வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் எங்கள் குடும்பங்கள் 11 அவர் பின்னால் போய்விட்டன.

இப்போது மூன்று காரியங்கள் என் முன்னால் நிற்கின்றன. அவருடைய சபையில் ஒரு வயதான அம்மா இறந்தபோது எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டார்கள். கமிட்டி மறுத்துவிட்டது. உடலைப் பண்ருட்டிக்கு அப்பால் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். அடுத்து, ஐக்கியத்தின் முன்னிலையில் நான் கைவைத்து ஜெபித்துத் தன்னை ஊழியத்துக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்று அந்தத் தம்பி கேட்கிறார். மூன்றாவது, ஐக்கியத்தில் மூத்தவர்கள் சிலர், ‘ஆடு திருடுகிற (அடுத்த சபை விசுவாசிகளை இழுக்கிற) பையன்களை ஐந்து வருஷத்துக்கு ஐக்கியத்தில் சேர்க்கக் கூடாது’ என்று தீர்மானம் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

அவருடைய ஞாயிறு ஆராதனை யூடியூபில் வரும்போது பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்தால் நெஞ்சு எரிகிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறது. ‘நீங்க வளர்த்த பிள்ளைதானேங்க, பொறாமைப்படலாமா’ என்கிறாள் என் மனைவி. இது பொறாமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

— ஒரு போதகர், கடலூர்

பதில்

ஐயா, உங்கள் நெஞ்செரிச்சலில் மூன்று சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் உங்கள் மனைவி சொன்னதும் ஓரளவு சரி, நீங்கள் மறுப்பதும் ஓரளவு சரி.

முதலாவது, வாரிசு என்று நினைத்திருந்தவர் இல்லாமல் போன துக்கம். அதைத் துக்கமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லாத திட்டத்தை அவர் மீறவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவது, ஒப்பீடு. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் எழுதினார்: மனிதன் தன்னை அளந்து பார்ப்பது எட்டாத உயரத்தில் இருப்பவனோடு அல்ல, தனக்குக் கிட்டத்தில் இருப்பவனோடுதான். சென்னையில் ஆயிரக்கணக்கில் கூடும் சபை உங்களை உறுத்தாது, கோண்டூர் மாடி உறுத்தும். இதற்கு மருந்து அந்த நேரலையை நிறுத்துவதுதான். மூன்றாவது, 11 குடும்பங்களின் காணிக்கை போனால் கடன் தவணை என்னாகும் என்ற பயம். அது நியாயமான பயம், ஜெபத்தோடு கணக்குப் புத்தகமும் தேவைப்படுகிற பயம். பொருளாளரோடு ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். மாத வரவில் விழுந்த ஓட்டை எவ்வளவு என்று எண்ணாகத் தெரிந்தாலே பாதி பாரம் இறங்கும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவும் திங்களும் அவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பாதீர்கள். ஆராதனை முடித்த களைப்பில் மனசு எல்லாவற்றையும் அவமானமாகவே வாசிக்கும்.

கல்லறைத் தோட்டக் காரியத்தை முதலில் தீர்த்துவையுங்கள். மற்றவை காத்திருக்கும், சாவு காத்திருக்காது. இளம் சபைகளின் பெரிய பலவீனம் பிரசங்கம் அல்ல, ஐயா. புதைக்க இடம் இல்லாததுதான். ‘செத்தால் எங்கே வைப்பார்கள்?’ என்று உறவுக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் கூனிக் குறுகுகின்றன. இடம் மறுப்பது அந்தத் தம்பிக்குக் கொடுத்த தண்டனையாகக் கமிட்டிக்குத் தெரிந்திருக்கலாம். அதைச் சுமந்தது இறந்தவரின் பிள்ளைகள்.

முதலில் கமிட்டியிலிருந்து ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். விளக்கம் வேண்டாம், துக்கம் விசாரித்தால் போதும். பிறகு அடுத்த சாவுக்கு முன்னால் விதியை எழுதி வையுங்கள். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு விவாதிக்கக் கூடாது. ஐக்கியத்திலுள்ள எந்தச் சபைக்கும் இடம் உண்டு. போதகரின் கடிதம், மருத்துவர் தரும் இறப்புச் சான்று, அடையாள அட்டை நகல் மூன்றும் வேண்டும். கட்டணம் உங்கள் விசுவாசிக்கு எவ்வளவோ அவ்வளவே. இடம் குறைவென்றால் சிமென்ட் கல்லறை கட்ட அனுமதி இல்லை, மண்மேடும் சிலுவையும் மட்டும் என்று எல்லாருக்கும் பொதுவாக வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்வான மண்ணில் ஆறடி தோண்டுவதற்குள் நீர் ஊறிவிடும். ஆகவே மேட்டுப் பக்கத்தில் சில குழிகளுக்கு இடம் ஒதுக்கி வையுங்கள், அதை வெளியாருக்கு இல்லை என்று ஆக்காதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் இளம் போதகர்களுக்குச் சொல்லி வையுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். மிக முக்கியம்: அடக்க ஆராதனையை அவரே நடத்தட்டும். இடம் கொடுத்தவர் என்பதற்காக நீங்கள் பிரசங்கம் கேட்டு வாங்காதீர்கள்.

இதற்குள்தான் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பொதுவான விஷயம் இருக்கிறது. மூத்த சபைகள் பெரும்பாலும் உதவி செய்யாமல் இருப்பதில்லை. உதவியோடு சேர்த்து உரிமையையும் கேட்கின்றன, அங்கேதான் கெடுகிறது. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன வி.எஸ். அசரியா மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: உங்கள் தியாகத்தையும் பொருளையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள். இரண்டே ஆண்டில், 1912இல், அவர் தோர்ணக்கல் பேராயராகி ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். நம்மவர் வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்கிறார்கள்.

அபிஷேகத்துக்கு வருவோம். ‘ஆகட்டும் பார்க்கலாம்’ என்று இழுப்பது மறுப்பதைவிட மோசம். உடனே ஒத்துக்கொள்வதும் சரியல்ல. ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைவைக்க வேண்டாம் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது (1 தீமோ. 5:22) சும்மா அல்ல. ஆறு மாதம் என்று தேதி குறியுங்கள். மூன்று பேர் கொண்ட குழு அமையுங்கள். அதில் ஒருவராவது உங்கள் சபைக்கும் அவர் சபைக்கும் சம்பந்தமில்லாத போதகராக இருக்கட்டும். குழு பார்க்க வேண்டியவை: உபதேசத்தில் தெளிவு, குடும்ப வாழ்க்கை, கடன், பெண்களிடமும் பிள்ளைகளிடமும் நடந்துகொள்ளும் விதம். மாடி வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டாரையும் கட்டாயம் விசாரியுங்கள். புறம்பானவர்களிடம் நற்சாட்சி வேண்டும் என்பது வேதத்தின் நிபந்தனை (1 தீமோ. 3:7). நடைமுறையில் அது ஒலிபெருக்கி விவகாரமாகத்தான் வரும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது சட்டம். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. முழு இரவு ஜெபத்தில் இதை மீறித்தான் பல மாடிச் சபைகள் வீட்டை இழக்கின்றன.

பணத்தில் கண்டிப்பாக இருங்கள். டிரஸ்ட் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, டிரஸ்ட் பெயரில் பான் எண்ணும் இரண்டு கையெழுத்து வேண்டிய வங்கிக் கணக்கும் உண்டா, காணிக்கையைக் குறைந்தது இரண்டு பேர் எண்ணுகிறார்களா? சொந்த ஜிபே எண்ணில் காணிக்கை வாங்குகிறவர் நல்லவராக இருந்தாலும் ஒருநாள் சந்தேகத்தில் மாட்டுவார். இதைச் சரிசெய்யும்வரை தேதி தள்ளிப்போகலாம். குழு கேட்கக் கூடாதவையும் உண்டு: அந்த 11 குடும்பங்களைத் திருப்பி அனுப்புவது, உங்கள் சபைப் பெயரைப் பலகையில் போடுவது, அவர் சபைக்கு வரும் தசமபாகக் காணிக்கையில் பத்தில் ஒரு பங்கு கேட்பது. இவற்றில் ஒன்றை நிபந்தனையாக வைத்தாலும் அந்த அபிஷேகம் வியாபாரமாகிவிடும். நாள் வந்ததும் அவருடைய சபையார் முன்வரிசையில் உட்காரட்டும். ‘நான் தூக்கி வளர்த்த பையன்’ என்று மேடையில் தொடங்காதீர்கள். அன்று அவர் பாஸ்டர். வீட்டில் தம்பி என்று கூப்பிட்டுக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

கடலூருக்கு இதில் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706இல். 1718இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733இல்; புராட்டஸ்டன்ட் சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். பதினைந்து வருஷக் காத்திருப்பு. சோதித்து அறிய ஆறு மாதமோ ஒரு வருஷமோ போதும். அதற்கு மேல் போனால் யார் யாரைச் சோதிக்கிறார்கள் என்றே தெரியாமல் போகும்.

ஐந்து வருஷத் தீர்மானத்தைத் தலைவராக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வருஷம் பார்வையாளர், பிறகு முழு உறுப்பினர், வாக்குரிமையோடு என்று மாற்றுத் தீர்மானம் வையுங்கள். சேர்த்த பிறகு நாற்காலி போடவும் மைக் செட் தூக்கவும் மட்டும் இளையவர்களைக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். பெரிய வெள்ளி ஐக்கிய ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பற்றிப் பேச அவருக்குக் கொடுங்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தோடு. ஐந்தாம் வார்த்தையைக் கொடுத்துவிட்டு ‘அஞ்சு நிமிஷத்தில் முடிங்க’ என்று துண்டுச் சீட்டு அனுப்பாதீர்கள்.

‘ஆடு திருட்டு’ என்ற புகாரில் உண்மை இருக்கும் இடங்களும் உண்டு. அதற்கு வழி சபை மாற்றுக் கடிதம். போகிற குடும்பத்தை ஒருமுறை சந்தியுங்கள், ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், கெஞ்சாதீர்கள், சபிக்காதீர்கள். ஞானஸ்நான விவரத்தோடு கடிதம் கொடுத்து, ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபித்து அனுப்புங்கள். பதிலுக்கு அந்தத் தம்பியும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்: வேறு சபையிலிருந்து யார் வந்தாலும் முதல் வாரமே அந்தப் போதகருக்குப் போன் செய்வது, மூன்று மாதம் எந்தப் பொறுப்பும் கொடுக்காமல் இருப்பது. சீட்டுப் பணத்தில் ஏமாற்றிவிட்டு ஓடிவந்தவர்கள் புதுச் சபையில் பொருளாளர் ஆவது இப்படித்தான் தடுக்கப்படும். அப்படி ஒருவரைப் பற்றி எச்சரிக்க வேண்டுமானால் நிரூபிக்கக் கூடியதை மட்டும் சொல்லுங்கள்.

அவர் பேச்சில் பிழை கண்டால் பிரசங்கத்தில் ஜாடை பேச வேண்டாம். அப்பொல்லோ என்ற பிரசங்கியை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் தனியே சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள் (அப். 18:26), ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று அல்ல. சாப்பிடக் கூப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிழை போதும்.

பணம் கொடுக்க மனம் வந்தால் மாடி வாடகையில் பாதியை ஒரு வருஷம், கால்பங்கை அடுத்த ஆறு மாதம், பிறகு நிறுத்தம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். மாதச் சம்பளம் கொடுத்தால் அவர் உங்கள் வேலைக்காரர் ஆகிவிடுவார். உங்கள் சபைக்கு வெளிநாட்டு நிதி வருமானால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட அவருக்குத் தர முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றுவது சட்டவிரோதம்.

திருமணமும் உண்டு. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, அவரைப் போன்ற சுயாதீன ஊழியருக்கு அரசு உரிமம் வேண்டும். அது வரும்வரை அவர் சபைத் திருமணங்களில் உரிமமுள்ள ஒருவர் நேரில் நின்று உடன்படிக்கையை நடத்திப் பதிவேட்டில் கையெழுத்திடட்டும், செய்தியும் ஜெபமும் அவருடையதாக இருக்கட்டும். வராமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு உரிமம் எல்லை தாண்டி புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் செல்லாது என்பதையும் சொல்லி வையுங்கள்; இரண்டு பக்கமும் சொந்தபந்தம் உள்ள ஊர் இது.

ஒருநாள் அவருடைய சபை உங்களுடையதைவிடப் பெரிதாகலாம். அப்போஸ்தலர் நடபடிகளில் ‘பர்னபாவும் சவுலும்’ என்று தொடங்கும் பெயர் வரிசை 13ஆம் அதிகாரத்துக்குள்ளேயே ‘பவுலும் பர்னபாவும்’ என்று மாறிவிடுகிறது. பின்னால் அவர்கள் பிரிந்தது மாற்குவைக் கூட்டிப் போவதா என்ற காரியத்தில்தான், பெயர் வரிசைக்காகப் பர்னபா முகம் சுளித்ததாக எங்கும் இல்லை. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் நடுவயதுக்குரிய வேலையாகச் சொன்னதும் அடுத்த தலைமுறையை உருவாக்கிவிடுவதைத்தான். உங்கள் வேலை முடிந்ததற்குச் சாட்சி கோண்டூரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள இன்று முடியாவிட்டால் பரவாயில்லை, வற்புறுத்தாதீர்கள்.

நேரலையை நிறுத்தி, கமிட்டி விதியை எழுதி முடித்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, பிரசங்கம் ஆயத்தம் செய்யவோ சாப்பிடவோ மனம் இல்லாமல் போனால், அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் நினைத்து உபவாசம் இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனைவியையும் அழைத்துப் போங்கள்.