பில் இருக்கிறதா? வாழ்த்து அட்டை செய்பவர்களின் கேள்விகள்

பொங்கல் வாழ்த்தைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்பவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ரப்பர் ஸ்டாம்பால் கோட்டு உருவம் குத்தி, உள்ளே வாட்டர் கலர் தீட்டி, மடித்து உறையில் போட்டு அனுப்புகிற வேலை. மார்கழி பிறப்பதற்குள் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். வசவுகளையும் வெட்டிவிட்டேன், சில நியாயமாகவே இருந்தாலும்.

கேள்வி: பூ ஸ்டாம்பைக் கறுப்பு மையில் குத்தி, நன்றாகக் காயவிட்டுத்தான் கலர் தீட்டினேன். பிரஷ் பட்டதும் கோடெல்லாம் கரைந்து பூவே சாம்பல் நிறமாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால், "தண்ணி அதிகமா வச்சிருப்பீங்க" என்கிறார். தவறு யாருடையது?
(குடும்பத்தலைவி, கும்பகோணம்)

பதில்: தண்ணீர் வைக்காமல் வாட்டர் கலர் தீட்டுவது எப்படி என்று அவரிடமே கேட்டிருக்கலாம். நீங்கள் வாங்கியது ஆபீஸ் ஸ்டாம்ப் பேட் என்று தெரிகிறது. ரசீதில் "பணம் பெறப்பட்டது" என்று குத்துவதற்கான மை அது. தண்ணீரில் கரையும் சாயம் என்பதால் எத்தனை நாள் காயவிட்டாலும் ஈரம் பட்டால் கிளம்பிவிடும்.

கலர் தீட்டப்போகிற கோட்டுக்கு, காய்ந்தபின் தண்ணீரை எதிர்க்கும் மை வேண்டும். வெர்சாஃபைன், ரேஞ்சர் நிறுவனத்தின் ஆர்க்கைவல், ஸ்டேஸ்ஆன் ஆகியவை அந்த ரகம். இதில் ஸ்டேஸ்ஆன் கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகத்துக்கெல்லாம் செய்யப்பட்ட கரைப்பான் மை. நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மெமென்டோ மை, ஆல்கஹால் மார்க்கரால் கலர் தீட்டுவதற்கு அருமை, ஈரப் பிரஷ்ஷுக்கு நம்ப முடியாது. டிஸ்ட்ரஸ் மை தண்ணீர் பட்டால் பரவவேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. அதை வாங்கிவிட்டுக் கரைகிறது என்று புகார் எழுதிய இரண்டு பேருக்கும் இதுவே பதில்.

இனி, தவறு யாருடையது? "இதன்மேல் வாட்டர் கலர் தீட்டப்போகிறேன்" என்று சொல்லிக் கேட்டு வாங்கினீர்களா? சொல்லியிருந்தால் தவறு அவருடையது. எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவவேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே சொல்கிறது. கரைந்த அட்டையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். "கறுப்பு ஸ்டாம்ப் பேட் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் அவர் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: ஈர மையின்மேல் தூவிச் சூட்டில் மேடாக்கும் எம்பாசிங் பொடியை உருக்கத் தனியாக ஹீட் கன் வாங்கவேண்டுமா? தலைமுடி காயவைக்கும் டிரையர் போதாதா?
(வாசகர், ஈரோடு)

பதில்: போதாது. பொடி பறக்கும், உருகாது.

கேள்வி: '300 ஜி.எஸ்.எம். வாட்டர் கலர் பேப்பர், ஏ4, 12 தாள்' என்று இணையத்தில் பார்த்து வாங்கினேன். ஒரு கை தண்ணீர் வைத்ததுமே அப்பளம் மாதிரி சுருள்கிறது. எடை போட்டுப் பார்த்தேன், 12 தாளும் சேர்ந்து 150 கிராம்தான். திருப்பி எடுக்கச் சொன்னால், "பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், முடியாது" என்று பதில் வருகிறது. இத்தனை வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்துவிட்டு இப்படி ஏமாந்தது வெட்கமாக இருக்கிறது.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: ஐயா, வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல. எடை போட்டீர்களே, அதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. மற்றவர்களுக்காகக் கணக்கை விளக்கிவிடுகிறேன். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. எனவே 300 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு ஏ4 தாள் 18.75 கிராம், 12 தாள் 225 கிராம் இருக்கவேண்டும். உங்களிடம் வந்தது 150. அதாவது 200 ஜி.எஸ்.எம். தாளை 300 என்று விற்றிருக்கிறார்கள். காற்றின் ஈரப்பதத்தால் நாலைந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு எந்த ஊர்க் காற்றிலும் கரைந்துபோகாது.

"பிரித்துவிட்டீர்கள்" என்பது வெறும் சால்ஜாப்பு. பிரிக்காமல் தாளை எப்படிச் சோதிப்பது? விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தராசின் மேல் தாள்கள் இருக்கும் படம், விற்பனைப் பக்கத்தின் படம், பில், மூன்றையும் இணைத்து அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாக ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே புகார் கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. அதற்காக இரண்டு வருஷம் காத்திருக்காதீர்கள்.

அடுத்த முறை தாள் வாங்கும்போது எடையோடு மூலப்பொருளையும் பாருங்கள். 300 ஜி.எஸ்.எம். என்பது எடைதானே தவிரத் தரம் இல்லை. மரக்கூழில் செய்த தாளும் 300 இருக்கும், முழுப் பருத்தித் தாளும் 300 இருக்கும். பருத்தித் தாள் தண்ணீரை நிதானமாகக் குடிக்கும், மேலே மேலே கலர் வைக்கத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். தாள் கட்டின் மேலட்டையில் 'காட்டன்' என்று எழுதவில்லையென்றால் மரக்கூழ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்ப் குத்துவதற்கு வழவழப்பான ஹாட் பிரஸ் ரகம்தான் சரி. சொரசொரப்பான தாளில் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுப் பதியும்.

சின்ன சின்ன பேப்பர் பேடாக வாங்குவதைவிட 22க்கு 30 அங்குல முழுத் தாள் வாங்கி நீங்களே வெட்டுங்கள். 4க்கு 5¼ அங்குல முகப்புத் துண்டு ஒரு தாளில் 28 கிடைக்கும். அதைச் சாதாரணக் கெட்டி அட்டையை மடித்து அதன்மேல் ஒட்டினால் போதும். முழு அட்டையையும் பருத்தித் தாளில் செய்வது ஆடம்பரம். சென்னைக்காரர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் கெட்டி அட்டை கேட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: தள்ளுபடியில் 72 கலர் பெட்டி, நாலு செட் ஸ்டாம்ப், மினுமினுப்புப் பொடி எல்லாம் வாங்கினேன். போன வருஷத் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. வேலை அதிகம், இப்போதுதான் திறந்தேன். கலர் பெட்டியில் நாலைந்து வில்லைகள் உடைந்திருக்கின்றன. பில்லைக் காணோம். மாற்றித் தருவார்களா?
(மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: தரமாட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பெட்டியைத் திறக்காமல், பில்லையும் தொலைத்துவிட்டு, எந்த முகத்தோடு கேட்பீர்கள்? உடைந்த வில்லையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் அழுத்திவையுங்கள், ஒட்டிக்கொள்ளும். கலருக்கு ஒன்றும் ஆகாது. 72 கலரில் நீங்கள் தொடப்போவது பத்துதான். நானும் அப்படி ஒரு பெரிய பெட்டி வைத்திருக்கிறேன். அதில் பழுப்பு மட்டும் ஒரு வரிசை. எது எதுவென்று எனக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை.

கேள்வி: 'பொங்கலோ பொங்கல், அன்புடன்' என்று எங்கள் குடும்பப் பெயரோடு ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தேன். 'அண்புடன்' என்று மூன்று சுழியோடு வந்திருக்கிறது. கேட்டால், "ஃபான்ட் மாறிடுச்சு, நீங்க ஓகே சொன்னீங்களே" என்கிறார்கள்.
(வங்கி ஊழியர், விழுப்புரம்)

பதில்: நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது யூனிகோட். அவர் கம்ப்யூட்டரில் இருப்பது பழைய டி.டி.பி. எழுத்துருவாக இருக்கும். பல கடைகளில் நாம் அனுப்பியதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்கிறார்கள். ஃபான்ட் மாறினால் எழுத்து கட்டம் கட்டமாக வரும், இரண்டு சுழி மூன்று சுழி ஆகாது. இது தட்டச்சியவரின் கை.

ஆனால் "ஓகே" என்று எதற்குச் சொன்னீர்கள்? ஸ்டாம்ப் செய்வதற்கு முன் சரிபார்க்க அவர் அனுப்பிய புரூஃப் உங்கள் போனில் இன்னும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். புரூஃபில் சரியாக இருந்து ஸ்டாம்பில் தவறினால் அவர் செலவில் வேறு செய்து தரவேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. புரூஃபிலேயே மூன்று சுழி இருந்து நீங்கள் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பியிருந்தால் பாதிக்குப் பாதி பேசிப் பாருங்கள். ஸ்டாம்ப் கொடுக்கிற எல்லோருக்கும்: புரூஃபைப் பெரிதாக்கி, வீட்டில் நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அப்புறம் ஓகே சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு யூடியூப் அக்கா, "இந்த ஸ்டாம்ப் செட் சூப்பரா இருக்கு, லிங்க் கீழே இருக்கு" என்றார். அதே லிங்க்கில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். அவருக்குப் பளிச்சென்று பதிகிறது, எனக்குத் திட்டுத் திட்டாக வருகிறது. அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவருக்கு எப்படிப் பளிச்சென்று பதிந்தது? ஸ்டாம்பை மூடியில் ஒட்டி, தாளைக் காந்தத்தால் அசையாமல் பிடித்து, அதே இடத்தில் இரண்டு மூன்று முறை குத்த ஒரு பலகை இருக்கிறது. வீடியோவில் ஓரமாகத் தெரிந்திருக்கும். முதல் தடவை திட்டாகப் பதிந்ததை வெட்டிவிட்டுக் கடைசித் தடவையைக் காட்டுவார்கள். மையும் தாளும் நல்ல ரகமாக இருக்கும், அவற்றுக்கு லிங்க் இருக்காது. விற்கவேண்டியது ஸ்டாம்ப் ஆயிற்றே.

இதில் என்னைக் கோபப்படுத்துவது வெட்டி ஒட்டுவதுகூட இல்லை. பெட்டி இலவசமாக வந்ததையும், லிங்க் வழியாக நாம் வாங்கினால் கமிஷன் வருவதையும் சொல்லாமல் மறைப்பது. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2022இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் இன்னும் விளக்கமாகச் சொன்னார்கள். வீடியோ என்றால் வீடியோவுக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும் வரவேண்டும். கீழே விவரக் குறிப்பில், பத்து ஹாஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்துவைத்தால் செல்லாது. பரிந்துரை எந்த மொழியிலோ அறிவிப்பும் அதே மொழியில். நம் ஊரில் முழு வீடியோவும் செல்லத் தமிழில் ஓடும், 'பெய்ட்' என்ற சொல் மட்டும் ஓர் ஓரத்தில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் நிற்கும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைப்பவருக்கும் இது பொருந்தும். புகார் கொடுக்க விரும்பினால் வீடியோவை முதலில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் போனதும் வீடியோ மாயமாகிவிடும்.

உங்கள் 850 ரூபாயை அவரிடமிருந்து வாங்குவது கஷ்டம். ஸ்டாம்ப்பைக் காப்பாற்ற முடிகிறதா பாருங்கள். புது ஸ்டாம்பின் மேல் ஒரு பளபளப்புப் படலம் இருக்கும், மை அதில் முத்து முத்தாக நிற்கும். வெள்ளை அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டுக் குத்துங்கள். தாளுக்கு அடியில் ஒரு மெத்தையான நோட்டுப் புத்தகம் வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். மலிவான சிலிக்கோன் ஸ்டாம்ப் என்றால் என்ன தேய்த்தாலும் மை ஒட்டாது. என்னிடம் ஓணான் படம் போட்ட ஒன்று இருக்கிறது, இதே மாதிரி லிங்க்கில் வந்ததுதான். அது குத்தும் ஓணானுக்கு எப்போதும் வால் கிடையாது.

கேள்வி: தோழிக்கு நான் செய்து கொடுத்த அட்டையை ஃபிரேம் போட்டு ஜன்னலோரம் மாட்டினாள். கண்ணைப் பறித்த ரோஸ் நிறம் சில மாதங்களில் மங்கிவிட்டது. கலர் கம்பெனிமீது புகார் கொடுக்கலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: டியூபில் 'ஓபரா' என்று எழுதியிருக்குமே. அந்தக் கண் கூசும் ரோஸுக்குக் காரணம் ஒளிரும் சாயம், வெயிலில் முதலில் போவது அதுதான். நல்ல கம்பெனிகள் ஒளி தாங்கும் தரத்தை டியூபிலோ விவரப் பட்டியலிலோ போட்டுவிடுவார்கள். "மங்காது" என்று எழுதியிருந்தால் மட்டும் புகார் கொடுங்கள். உறைக்குள் போய் அலமாரியில் தூங்கப்போகிற அட்டைக்கு ஓபரா தாராளமாகப் போடலாம்.

கேள்வி: கண்ணாடி மாதிரி இருந்த கிளியர் ஸ்டாம்ப் மஞ்சளாகிவிட்டது. போலியா?
(வாசகர், சேலம்)

பதில்: இல்லை. வெயிலும் மைக்கறையும். பதிவு கெடாது.

கேள்வி: கணவர் இறந்தபின் அட்டை செய்து விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறேன். மொத்தமாக வாங்கிய 20 மை பேடுகளில் 9 காய்ந்துபோயிருந்தன. "நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது" என்று விற்றவர் மிரட்டுகிறார்.
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: அம்மா, பயப்படாதீர்கள். அவர் சட்டத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார். வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் அதே பிரிவு விளக்கம் கொடுத்திருக்கிறது. நீங்கள் கையால் செய்து, அதில் வாழ்கிறீர்கள். இதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்பது பேடையும் வெள்ளைத் தாளில் குத்திக் காட்டி வீடியோ எடுங்கள், பெட்டியில் உள்ள தயாரித்த மாதத்தையும் படம் பிடியுங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கவேண்டும். இல்லையென்றால் அது தனிக் குற்றம். பதிவுத் தபாலுக்குப் பதில் இப்போது ஸ்பீட் போஸ்ட்தான். அதில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு 15 நாள் பாருங்கள். பணம் வராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள், புகார் மனுவின் வாசகத்தைச் சேர்ந்தே தயார் செய்யலாம்.

இன்னொன்று. ஸ்டாம்ப் கம்பெனிகள் பல, கையால் குத்திய அட்டையை விற்க அனுமதிக்கின்றன. அதை ஸ்கேன் செய்து அச்சடித்து விற்க அனுமதிப்பதில்லை. பெரிய ஆர்டர் வந்தால் அச்சகத்துக்கு ஓடுவதற்கு முன் அந்தக் கம்பெனியின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்க வீடியோ பார்த்து 5க்கு 7 அங்குலத்தில் 60 அட்டை செய்துவிட்டேன். எந்தக் கடையிலும் அதற்குக் கவர் கிடைக்கவில்லை. என்ன செய்வது?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கவரை முதலில் வாங்கியிருக்கவேண்டும். இப்போது 60 கவரும் நீங்களே மடிக்கவேண்டியதுதான். அடுத்த வருஷம் ஏ4 அட்டையை இரண்டாக வெட்டி மடியுங்கள், சி6 கவரில் அளவாக உட்காரும்.