சோதனை செய்யலாம், எதற்கு என்று எழுதிவிட்டு

கேள்வி: செல்போன், பிளேடு, போதைப்பொருள் என்று எல்லாமும் சிறைக்குள் போகிறது. கைதியின் உடையைக் களைந்து சோதித்தால் மட்டும் மனித உரிமை என்று கிளம்பிவிடுகிறார்கள். குற்றவாளிக்கு எதற்கு இந்த மரியாதை?

பதில்: உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று யார் சொன்னது? உலகச் சிறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இன்னும் தீர்ப்புக்குக் காத்திருப்பவர். சரி, தண்டனை பெற்றவர் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கு நீதிபதி கொடுத்தது சிறைவாசம், நாலு பேர் முன்னால் அம்மணமாக நிற்பது அதில் சேர்த்தி இல்லை.

கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளும் சோதனையே கூடாது என்று சொல்லவில்லை. உடை களைவது வேறு வழியே இல்லாதபோது மட்டும், மறைவான இடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்ற ஊழியர் மூலம் நடக்க வேண்டும் என்கின்றன. உடலுக்குள் சோதிப்பதானால் அதை மருத்துவப் பணியாளர் செய்ய வேண்டும், குறைந்தபட்சம் மருத்துவரிடம் அதற்குப் பயிற்சி பெற்றவராவது செய்ய வேண்டும். சோதிக்கும் மருத்துவப் பணியாளர் அந்தக் கைதிக்கு வழக்கமாக வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது (நேற்று அப்படிச் சோதித்தவரிடம் இன்று வயிற்றுவலி என்று யார் போய் நிற்பார்?). யார் சோதித்தார், ஏன், என்ன கிடைத்தது என்று பதிவும் வேண்டும். எனக்கு இதில் பெரிதாகப் படுவது அந்தப் பதிவுதான், ஏனென்றால் காரணம் எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் ‘வழக்கமாகச் செய்வதுதான்’ என்று தப்பிக்க முடியாது.

நெதர்லாந்தின் உச்சப் பாதுகாப்புச் சிறை ஒன்றில் நடந்தது இதுதான். ஒரு கைதியை வாராவாரம் உடை களைந்து சோதித்தார்கள், அந்த வாரம் அவர் வெளியாள் ஒருவரையும் பார்க்காமல் இருந்தாலும் சரி. சுமார் மூன்றரை ஆண்டுகள்! இது மனிதத்தன்மையற்றது, அல்லது இழிவுபடுத்துவது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. 2001இல் வந்த லிதுவேனியா வழக்கு வேறு மாதிரி. அங்கே சோதனைக்குக் காரணம் இருந்தது, உறவினர் வந்து போயிருந்தார். ஆனால் ஒரு பெண் அதிகாரி எதிரில் நிற்க, ஆண் கைதியை நிர்வாணமாக்கி, கையுறை இல்லாமல் அந்தரங்க உறுப்பைத் தொட்டு, அதே கையால் உறவினர் கொண்டுவந்த சாப்பாட்டையும் தொட்டார்கள். இதில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது?

கேள்வி: பார்க்கப் போகும் குடும்பத்தாரையும் இப்படிச் சோதிக்கலாமா?

பதில்: சோதிக்கலாம், ஆனால் இழிவுபடுத்தாமல். வந்தவர்களின் உடலுக்குள் சோதிப்பதைத் தவிர்க்க வேண்டும், குழந்தைகளிடம் அறவே கூடாது என்கின்றன அதே விதிகள். பிரிட்டனில் கைதியைப் பார்க்க வந்த ஒரு தாயையும் மகனையும் உடை களையச் சொல்லிச் சோதித்து முடித்த பிறகு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். 2006இல் அதே ஐரோப்பிய நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மண்டேலா விதிகளின்படி சம்மதத்தை எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம், பாதிச் சோதனையிலும்கூட. அப்புறம் உள்ளே விடாமல் அனுப்ப நிர்வாகத்துக்கும் உரிமை உண்டு. நடைமுறையில் இங்கேதான் சிக்கல், மகனைப் பார்க்க வந்த தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டா கிளம்புவார்?