மாரோவிண்டை இத்தனை வருஷம் கழித்து மறுபடி ஆடலாமா?

மாரோவிண்ட் ஒரு கற்பனை உலகில் நடக்கும் கணினி விளையாட்டு; ஸ்கைரிம் அதே தொடரில் பிறகு வந்தது. கேள்வி இதுதான்: "கல்லூரிக் காலத்தில் மாரோவிண்ட் ஆடியிருக்கிறேன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். மறுபடி ஆடினால் பழைய நினைப்பு கெட்டுவிடுமா? ஸ்கைரிம் ஆடிப் பழகிய கைக்கு இது ஒத்துவருமா?"

ஒத்துவரும். தாராளமாக ஆடுங்கள். நினைப்பும் கெடாது. எனக்கு அந்த நினைப்பு இன்னும் இனிப்பாகத்தான் ஆனது. பழைய பாசத்தில் பேசுகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2002-இல் வந்த விளையாட்டு இது. முகங்கள் கோணல், நடை விறைப்பு, மலைப்பக்கம் போனால் கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணிகள் கத்திக்கொண்டே துரத்தும். அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன், ஆடுங்கள்.

நீங்கள் அநேகமாக ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆட்டம் தொடங்கும் சேடா நீன் ஊரில் கப்பலை விட்டு இறங்கி, கணக்கெடுப்பு அலுவலகத்தில் மேசை மேல் கிடந்த இரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஓடி, கண்ணில் பட்ட முதல் நண்டை வெட்டியிருப்பீர்கள். கத்தி நண்டைத் தொடுகிறது, அடி விழவில்லை. நிறைய பேர் அங்கேயே மூடிவிட்டு எழுந்துவிடுகிறார்கள், "சண்டை சரியில்லை" என்று வேறு சொல்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை. தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன், பகடை உருட்டி மேசையில் ஆடும் கதாபாத்திர விளையாட்டுகளுக்கு எழுதி வந்தவர். இங்கேயும் உள்ளே பகடைதான் உருளுகிறது. உங்கள் ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு எல்லாவற்றையும் பார்த்துத்தான் அடி விழுமா என்று முடிவாகும். ஆளை உருவாக்கும்போது நீங்கள் முக்கியத் திறனாக எடுத்தது 30-இல் தொடங்கும், எடுக்காமல் விட்டது வெறும் 5. குட்டைக் கத்தித் திறனை எடுக்காத ஆள் அந்த இரும்புக் கத்தியோடு போனால் அடி எப்படி விழும்? அதுவும் ஓடிக்கொண்டே போய், களைப்பைக் காட்டும் பச்சைக் கோடு காலியான பிறகு? ரெட்கார்ட் இனத்தில் ஓர் ஆளை எடுத்து, சண்டைப் பிரிவைத் தேர்ந்து, நீள வாளை முக்கியத் திறனாக வையுங்கள். 50-இல் தொடங்குவீர்கள். கையில் நீள வாள் ஒன்று கிடைத்ததும், சண்டைக்கு முன்னால் ஓடாமல் நடந்து போய் வெட்டிப் பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன கோடை விடுமுறையில் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது வரும் விளையாட்டுகளில் கரை கண்டவன். நான் மாரோவிண்டைப் போட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, அம்புக்குறி எங்க? எங்க போறதுன்னு எப்படித் தெரியும்?" என்றான். "அவங்க சொல்றதப் படிடா" என்றேன். நம்பவில்லை.

சேடா நீனில் ஃபார்கோத் என்று ஒரு ஆள் வருவான், ஞாபகம் இருக்கிறதா? மோதிரம் தொலைத்தவன். அது முற்றத்துப் பீப்பாயில் கிடக்கும். பையன் எடுத்துக் கொடுத்தான், ஃபார்கோத்துக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அங்காடி மாடியில் இருக்கும் ஹ்ரிஸ்கார் என்ற படைவீரன், "அந்தப் பயல் காசை எங்கேயோ ஒளித்து வைக்கிறான், ராத்திரி கலங்கரை விளக்கத்தின் மேலே நின்று பார்" என்றான். ஏறி நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கீழே ஒரு சின்ன வெளிச்சம் வீடுகளுக்கு நடுவே நகர்ந்தது. நின்றது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தது, மறுபடி நகர்ந்தது. சேற்றுக் குட்டையில் இறங்கி ஒரு மரக்கட்டையிடம் போய் நின்றது. பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கிப் போய்க் கட்டைக்குள் கை விட்டால் காசோடு அந்த மோதிரமும் இருந்தது, நாங்கள் கொடுத்ததே. "மாமா, இத நான் எடுக்க மாட்டேன். அந்தப் படைவீரன்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். அம்புக்குறி காட்டியிருந்தால் அவன் நேராகக் கட்டைக்குப் போய் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். காத்திருந்து பார்த்ததால்தான் ஃபார்கோத் மேல் அவனுக்கு இரக்கம் வந்தது.

அடுத்த நாள் அவனே ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டான். பால்மோரா ஊரில், புதிர்ப்பெட்டி ஒன்றைத் தேடி எடுத்துவரும் வேலையைக் கொடுத்தார்கள். தெற்கே போய் ஆற்றைத் தாண்டு, மூன்மாத் கோட்டை வரும், அங்கிருந்து எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தின் மேல் ட்வெமர் என்ற மறைந்துபோன இனத்தார் கட்டிய பழைய பாலம், அதைக் கடந்தால் ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாடு. பிள்ளையார் கோயில் தாண்டி இடது கைப் பக்கம் திரும்பு என்று நம் ஊரில் வழி சொல்வார்களே, அதே மாதிரிதான். போய்ச் சேர்ந்தால் கதவு திறக்காது. அருகில் ஒரு குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அவன்தான் கண்டுபிடித்தான். அன்றைக்கு அவன் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

எனக்குக் கிடைத்தது வேறு. இளவயதில் பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு ஓடியவன் நான். இப்போது நிதானமாகப் படித்தால், இது பேரரசின் கீழ் கிடக்கும் ஒரு நாட்டின் கதை. மற்ற மாகாணங்களில் அடிமை முறையைத் தடுத்த பேரரசு, உடன்படிக்கை என்ற பெயரில் இங்கே மட்டும் விட்டுவைக்கிறது. பேரரசின் சாசனம் பெற்ற கால்டெரா சுரங்கத்திலேயே அடிமைகள் வேலை செய்கிறார்கள். நீங்களோ அந்தப் பேரரசின் ஒற்றர். பேரரசர் உங்களை அனுப்பியதே, நெரெவார் என்ற பழைய வீரரின் மறுபிறவியாகத் தீர்க்கதரிசனத்தில் வரும் 'நெரெவாரின்' என்பவர் மாதிரி நீங்கள் தெரிவதால்தான். உண்மையில் நீங்கள்தான் அவரா என்று கடைசிவரை விளையாட்டு அடித்துச் சொல்லாது. நெரெவார் எப்படிச் செத்தார் என்பதற்கு அந்நாட்டின் வாழும் தெய்வமான விவெக் சொல்லும் கதை ஒன்று, சாம்பல் நிலத்துக் குடிகள் சொல்வது இன்னொன்று. யாரை நம்புவது என்பது உங்கள் பாடு. இதை வழிநடத்திய டாட் ஹோவர்ட்தான் பிறகு ஸ்கைரிமையும் இயக்கினார். நான் ஸ்கைரிமை மட்டம் தட்டவில்லை, அதையும் ரசித்தே ஆடியவன். ஆனால் இந்த நம்பிக்கை, ஆடுகிறவனுக்குப் படிக்கத் தெரியும், யோசிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை, இதில்தான் முழுசாக இருக்கிறது.

"இந்த வயசில் கேமா?" என்று வருபவர்களுக்கு: மூணு மணி நேரம் கிரிக்கெட் பார்ப்பவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் முதல் ஆட்டம் முடியவே இல்லை. கடைசிக் கட்டமான சிவப்பு மலை வாசல் வரை வந்திருந்தேன். கணினியில் பவர் சப்ளை போய்விட்டது என்று எங்கள் ஊரில் ஒரு கடையில் கொடுத்தோம். கேட்காமல் கொள்ளாமல் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அதற்கும் காசு வாங்கினார்கள். "கேம்தானே தம்பி, மறுபடி ஆடிக்க வேண்டியதுதானே" என்றார் அந்தக் கடைக்காரர். அப்பா அதில்தான் சீட்டுக் கணக்கு வைத்திருந்தார். அதுவும் போயிற்று. இன்றைக்கும் இப்படிச் செய்யும் கடைகள் இருக்கின்றன. பவர் சப்ளைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம்? அடுத்தவர் பொருள் என்ற எண்ணமே கிடையாது. எதைக் கொடுத்தாலும் முதலில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்களுக்கு வேண்டியது. பழைய சிடியோ டிஜிட்டல் பிரதியோ இருந்தால் ஓப்பன்எம்டபிள்யூ என்ற இலவச என்ஜினில் (விளையாட்டை ஓட்டும் மென்பொருள்) போடுங்கள். தன்னார்வலர்கள் புதிதாக எழுதியது, லினக்ஸிலும் ஓடும், விளையாட்டின் கோப்புகள் மட்டும் உங்களிடம் இருக்க வேண்டும். எல்லா அடியும் விழும்படி மாற்றும் மாட்களை (ரசிகர்கள் செய்த மாற்றங்களை) முதல் ஆட்டத்தில் தொடாதீர்கள். ஊர் விட்டு ஊர் போக சில்ட் ஸ்டிரைடர் என்ற ராட்சதப் பூச்சி, படகு, மந்திரவாதிகள் சங்கம் மூன்றும் இருக்கின்றன. ஓர் இடத்தைக் குறித்துவைத்து அங்கே நொடியில் திரும்ப உதவும் மார்க், ரீகால் மந்திரங்களைக் கற்றுக்கொண்டால் பாதி நடை மிச்சம். அப்புறம், ட்ரைபியூனல் விரிவாக்கத்தையும் சேர்த்துப் போட்டீர்கள் என்றால், ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தூங்கும்போது கொலையாளி ஒருவன் வந்து எழுப்புவான். அவனிடம் தப்பித்துவிட்டால் அவன் கவசத்தை விற்றே பணக்காரராகி, ஆட்டத்தின் சுவையே போய்விடும். அந்தத் தாக்குதலைத் தள்ளிப்போடும் மாட் ஒன்று உண்டு. அதை மட்டும் கட்டாயம் போடுங்கள்.