முதியோர் பஸ் கார்டுக்கு 1,500 ரூபாயா? கொடுக்காதீர்கள்

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இன்னும் சரியாக வரவில்லை. மாதம் ஒருமுறை கடலூர் வழியாக புதுச்சேரி ஜிப்மருக்கு இருவரும் பஸ்ஸில் போகிறார்கள். 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லா அரசு பஸ்ஸிலும் இலவசமாகப் போகும் முதியோர் கார்டு எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அப்படி ஒரு கார்டே கிடையாது. இல்லாத ஒன்றை எடுத்துத் தருகிறேன் என்கிறார், அவ்வளவுதான்.

60 வயது தாண்டியவர்களுக்கு இலவச டோக்கன் கொடுப்பது சென்னை மாநகரப் பேருந்துகளில் மட்டும். மாதத்துக்கு 10 டோக்கன். 2016-லிருந்து நடக்கிறது. சென்னைப் பேத்தி வீட்டுக்குப் போன யாரோ அந்த டோக்கனுக்கான அட்டையைக் காட்டியிருப்பார்கள், அதை வைத்து நம் ஊரில் இந்த வியாபாரம் ஓடுகிறது. கடலூரில் வயதைக் காட்டி மட்டும் ஓர் ஆண் டிக்கெட் இல்லாமல் போக வழி இல்லை. சென்னைக் கிழவருக்கு வலிக்கிற முட்டிதானே கடலூர்க் கிழவருக்கும் வலிக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கார்டு விஷயம் எனக்குப் பழசு. டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில் ஒரு பெரியவர் லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். போட்டோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. சில கண்டக்டர்கள் பாவம் பார்த்து விட்டிருக்கிறார்கள், அந்த தைரியத்தில் மாதக்கணக்கில் போய்வந்திருக்கிறார். பஸ் முழுக்கப் பார்க்க, அபராத ரசீதைக் கையில் வாங்கினாரே, அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. அட்டை போட்டுக் கொடுத்தவனைப் பிடியுங்கள் என்று அறிக்கை எழுதினேன். ஃபைலில் போட்டார்கள். மாட்டுவது எப்போதும் அட்டை வைத்திருப்பவர்தான், விற்றவர் இல்லை. அவரிடம் ஆதார் நகலைக் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள். இதே ஆள் ரயிலுக்கும் சீனியர் சலுகை வாங்கித் தருகிறேன் என்று வருவார். அந்தக் கட்டணச் சலுகையை 2020 மார்ச் மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள்.

சரி, உங்களுக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

அம்மா விஷயம் சுலபம். அரசு டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டணப் பஸ்ஸாக இருந்தால், பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. கார்டு வேண்டாம், வயதுச் சான்று வேண்டாம். ஏறி உட்கார்ந்தால் கண்டக்டரே கட்டணமில்லா டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தனியார் பஸ்ஸில் இது செல்லாது. நம் பக்கம் தனியார் பஸ் அதிகம், பார்த்து ஏற வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் ரூட் பஸ்ஸிலும் செல்லாது.

அப்பாவுக்குத்தான் ஒரு வழி இருக்கிறது. அவர் முதியவர் என்பதால் இல்லை, அந்த இடது காலால். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவர் சான்று கொடுத்தால், வயது எதுவானாலும் அவர் சட்டப்படி மாற்றுத்திறனாளி. மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் துணையாள் ஒருவருக்கும் அதே சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. முதுமைத் தளர்ச்சிக்குச் சான்று தர மாட்டார்கள், பக்கவாதத்தில் கால் இழுத்தால் தருவார்கள். பக்கவாதம் வந்த உடனே போனால், தேறி வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. ஜிப்மர் சிகிச்சைக் காகிதங்கள், ஆதார், போட்டோவுடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். எந்த நாளில் டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். காலை இழுத்துக்கொண்டு வருகிறவரை நாளை வா என்று சொல்ல நம் அலுவலகங்களுக்குக் கூச்சமே இருப்பதில்லை. சான்றும் தேசிய அடையாள அட்டையும் இலவசம். வெளியே ஜெராக்ஸ் கடையில் 40-ஐ 60 ஆக்கித் தருகிறேன் என்பவனிடம் பேச்சே வேண்டாம். அட்டை கைக்கு வந்ததும் ரூட் பஸ்ஸுக்கு என்ன சலுகை, சிகிச்சைக்குப் போய்வர என்ன பாஸ் என்று அங்கேயே கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.

அதுவரை அப்பாவுக்கு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். ரயில் என்று யோசிக்காதீர்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் நேர் ரயில் பாதை இல்லாததால் விழுப்புரம் சுற்ற வேண்டும். கடற்கரையோரமாகப் பாதை வரும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

பணத்தைவிட எனக்குக் கவலை படிக்கட்டு. தாழ்தளப் பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர். நம் வழக்கமான பஸ்ஸில் 900, அதாவது ஏறக்குறைய மூன்று அடி. வழியில் கைகாட்டி ஏறவே வேண்டாம். கடலூர் பஸ் நிலையத்துக்குள் போய், நிற்கிற பஸ்ஸில், காலியாக இருக்கும்போதே ஏற்றுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். விசில் அடித்துவிடப் போகிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம், 'பெரியவர் இறங்குறார்' என்று அம்மாவைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு பஸ்ஸில் யாராவது மரியாதையில்லாமல் பேசினால் வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 1100-க்குப் போன் செய்யுங்கள்.

புதுச்சேரி பஸ் நிலையத்தில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. ஜிப்மர் இருப்பது கோரிமேட்டில், திண்டிவனம் சாலையில். சென்னை பஸ் எல்லாமே அந்த வழியாகப் போகும் என்று நினைத்து ஏறிவிடுகிறார்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகிற பஸ் கோரிமேட்டைத் தொடாது. 'ஜிப்மர் நிக்குமா' என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு அப்புறம் அப்பா படியில் கால் வைக்கட்டும்.