மறதி நோயும் குவாட்டரும்: வாசகர் கேள்விகள்

நைனாவுக்கு 68 வயது. முப்பது வருஷமாகத் தினம் ஒரு குவாட்டர். இப்போது டிமென்ஷியா என்கிறார்கள். நாளையோடு குடியை நிறுத்திவிடலாமா? (காசிமேடு)

நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். 180 மி.லி. குவாட்டரில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. தினமும் அதற்குப் பழகிய மூளை, திடீரென்று அது கிடைக்காவிட்டால் கொந்தளித்துவிடும். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்றாம் நாளில் இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசுவார், ராத்திரி முழுக்கப் பிதற்றுவார். ‘மறதி முத்திப்போச்சு’ என்று வீட்டார் சும்மா இருந்துவிடுவதுதான் ஆபத்து. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு முதலிலேயே அழைத்துப்போங்கள். மாத்திரை கொடுத்து, கண்காணித்துப் படிப்படியாக நிறுத்துவார்கள்.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கிறாரே என்று தெரு முனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவது நம் பக்கத்துப் பழக்கம். சாப்பாட்டைக் குறைத்துக் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். குளுக்கோஸ் போனால் மிச்சமிருப்பதும் செலவாகி, மூளையில் நிரந்தரச் சேதம் ஆகலாம். ‘இவர் தினமும் குடிப்பவர், முதலில் பி1 ஊசி போடுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, காலை அகட்டி வைத்துத் தள்ளாடினாலோ, திடீரென்று குழம்பினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடியால் மட்டும் வந்த மறதி என்றால், நிறுத்திய சில மாதங்களில் ஓரளவு தெளிவு திரும்பலாம். அல்சைமர் நோயால் வந்த மறதி என்றால் அப்படித் திரும்பாது. ஆனாலும் குடி நின்றால் விழுவதும் ராத்திரிக் குழப்பமும் குறையும்.

குடியை நிறுத்தும் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுக்கலாமா? (வியாசர்பாடி)

கூடவே கூடாது. அது டைசல்ஃபிராம். உடம்பில் அது இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் சட்டென இறங்கும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை விட்ட பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். ‘மாத்திரை போட்டிருக்கிறேன், குடிக்கக் கூடாது’ என்பதை நினைவில் வைக்க முடியாதவருக்கு, தெரிந்தே கொடுத்தாலும் ஆபத்துதான்.

மாமனார் குடித்ததையே மறந்து மறுபடி கேட்கிறார். இல்லையென்றால் அடிக்க வருகிறார். (தண்டையார்பேட்டை)

‘இப்பத்தானே குடிச்சீங்க’ என்று வாதாடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, அந்த நினைவே அவரிடம் இல்லை. பாட்டில், காலி பாட்டில், குடிக்கிற டம்ளர் எதுவும் கண்ணில் படக் கூடாது, பார்த்தால்தான் கேட்பார். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். 11.30-க்கே வயிறு நிறையச் சோறு போட்டு, பிறகு மோரோ சோடாவோ கையில் கொடுங்கள். சட்டைப் பையில் இருபது, முப்பது ரூபாய்க்கு மேல் வேண்டாம். கூடக் குடிக்கும் நண்பர்களிடம் நோயைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சர்க்கரை மாத்திரையும் தூக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். எப்போதாவது ஒரு கட்டிங்? (ராயபுரம்)

வேண்டாம். வெறும் வயிற்றில் குடித்தால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை கிடுகிடுவென இறங்கும். பார்க்கிறவருக்குப் போதை போலவே தெரியும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகும், பாத்ரூம் போகும்போது விழுவார். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வயதானவருக்கும் குடிப்பவருக்கும் மூளை சுருங்கியிருப்பதால் ரத்தம் மெதுவாகக் கசியும். இரண்டு, மூன்று வாரம் கழித்துத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, ஒரு பக்கக் கால் இழுத்தாலோ அன்றே தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுங்கள். அறுவை செய்து அந்த ரத்தத்தை எடுத்துவிட்டால் பலர் பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.